பெட்டி சாகவில்லை, ரேம்தான் போதவில்லை

நம் காலனிகளில் பரண்மேல் கிடக்கிற மடிக்கணினிகளைப் பற்றி ஒருமுறையாவது உருப்படியாகப் பேசியாக வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் வந்த பெட்டிகள். எல்காட் டெண்டர் விட்டு வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், பொறியியல் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. 2020 வரைக்கும் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். மெட்ரிக் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அப்பன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தால் அதற்குப் பெயர் 'முதலீடு'. நம் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்தால் 'ஓசி லேப்டாப்'. மூடியில் அரசு முத்திரை குத்தியிருந்ததால் அந்தப் பெட்டியோடு பஸ்ஸில் போன பிள்ளை எவ்வளவு கிண்டலை வாங்கியது என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

அது பழைய கதை. இப்போது நடப்பதுதான் எனக்குக் கவலை. இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்காரனிடம் போகின்றன. 'ஆன் பண்ணா அரைமணி நேரம் ஆவுது', 'சுத்திக்கினே இருக்குது', 'செத்துப் போச்சு' என்று சொல்லி முந்நூறுக்கும் ஐந்நூறுக்கும் தள்ளிவிடுகிறார்கள். என் பேச்சு இதுதான்: இவற்றில் பெரும்பாலானவை சாகவில்லை. ரேம் போதாமல் மூச்சு வாங்குகின்றன, அவ்வளவே. பின்மூடியைத் திறந்து ஒரு விரல்நீளப் பட்டையைச் செருகினால் இன்னும் சில வருஷங்கள் நம் பிள்ளைகளுக்கு உழைக்கும். அதைச் செய்ய வேண்டியது நாம், நம் படிப்பு வட்டங்கள். கடைக்காரன் செய்யமாட்டான், அவனுக்குப் புதுப்பெட்டி விற்பதில்தான் காசு.

ரேம் என்பதை நினைவகம் என்று தமிழில் எழுதுகிறார்கள். கவிதை எழுதுகிறவனுக்கு இந்தச் சொல்லைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். நம் நினைவு, அவர்கள் அழித்த நினைவு என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளிவிடலாம். வேண்டாம். கரண்ட் போனால் அத்தனையையும் மறந்துவிடுகிற ஒரு பொருள் அது. (வடக்கே இருக்கிற ராமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தோழர் நிஜமாகவே கேட்டார்.)

நான் பார்க்கிற வேலையிலிருந்தே சொல்கிறேன். பேரேடுகள் இருந்த காலத்து வங்கியை மனதில் கொண்டுவாருங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற கிளார்க்குக்கு முன்னால் ஒரு மேசை. பின்னால் ரெக்கார்டு ரூம். மேசையில் விரித்து வைத்திருக்கிற லெட்ஜரில் உடனே எழுதலாம், உடனே கூட்டலாம். மேசை சின்னதாக இருந்து இரண்டு லெட்ஜர்தான் கொள்ளும் என்றால், மூன்றாவது ஆள் வந்ததும் ஒன்றை மூடி ரெக்கார்டு ரூமில் வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கிவர வேண்டும். நாலாவது ஆளுக்கு மறுபடியும் ஓட வேண்டும். கியூவில் நிற்கிற சனம் 'இந்தாள் சோம்பேறி' என்று திட்டும். ஆள் ஓடிக்கொண்டே இருக்கிறான், மேசைதான் பத்தவில்லை. மேசை என்பது ரேம். ரெக்கார்டு ரூம் என்பது ஹார்டு டிஸ்க். 2 ஜிபி ரேமில் ஒரு பிரவுசரும் ஒரு பிடிஎஃபும் திறந்தால் பெட்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஓட்டம்தான் அது.

2011-இல் இதே 2 ஜிபி போதுமானதாகத்தானே இருந்தது என்று கேட்கலாம். பெட்டி மாறவில்லை, வெளியே மாறிவிட்டது. அன்றைக்கு இரண்டு படமும் நாலு வரியும் இருந்த இணையப் பக்கம் இன்றைக்கு வீடியோ, விளம்பரம், வேவு பார்க்கிற நிரல் என்று மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற போர்ட்டல், டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு, கல்லூரி அட்மிஷன் எல்லாம் அந்த மூட்டைக்குள்தான் இருக்கின்றன. ஏழைக்கு என்று வடிவமைத்த போர்ட்டல்கூட ஏழையிடம் இருக்கிற பெட்டியில் திறக்காது என்பதைப் பற்றி அதை வடிவமைத்தவர்கள் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்களா?

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14-ஓடு நிறுத்தியது. விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம் கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது. பழைய பிராசசர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆக, ரேமை மட்டும் கூட்டினாலும் அந்த வீட்டுக்குள் நம் பெட்டிக்கு அனுமதியில்லை. வாசலில் நிற்கவைப்பது நமக்கொன்றும் புதிதில்லை என்பதால் இதற்காக அழ வேண்டியதும் இல்லை. லினக்ஸ் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண். கடலூருக்குப் போய் பி.காம் படிக்கிறாள். வீட்டில் அவள் மாமனுக்கு 2012-இல் பள்ளியில் கொடுத்த பெட்டி. கடலூரில் ஒரு கடைக்கு எடுத்துப்போயிருக்கிறாள். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், 'கவர்ன்மெண்ட் லேப்டாப்பா, இது தேறாதும்மா, வெச்சிட்டுப் போ, 400 ரூபா தரேன்' என்றிருக்கிறார். அவள் கொடுக்கவில்லை. நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்து, 'சித்தப்பா, பேங்க்ல கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குறீங்க, இத என்னான்னு பாருங்க' என்றாள். வங்கியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதைத் திறக்கத் தெரியும் என்று நம்புகிற அந்த நம்பிக்கையை என்ன சொல்வது! வேலையிடத்தில் ஒரு வயர் கழன்றால்கூட எங்களைத் தொடவிடமாட்டார்கள், டிக்கெட் போட்டு இன்ஜினியருக்காகக் காத்திருக்க வேண்டும்.

கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன மூடி, ஸ்க்ரூ இரண்டு. ஒன்றின்மேல் 'இதை அகற்றினால் வாரண்டி செல்லாது' என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வட்டச் சீட்டு. வாரண்டி முடிந்து பத்து வருஷம் ஆகிவிட்டது, சீட்டு மட்டும் அப்படியே காவல் நிற்கிறது. அவள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து 'நீயே கழட்டு' என்றேன். 'நான் கை வெச்சா கெட்டுடும் சித்தப்பா' என்றாள். இந்த வாக்கியத்தை நான் நிறைய இடங்களில் கேட்டிருக்கிறேன், கம்ப்யூட்டர் இல்லாத இடங்களிலும். நாம் தொட்டால் கெட்டுவிடும் என்று யார் யாரோ எழுதிவைத்ததை நம் பிள்ளையே தன் வாயால், அதுவும் தன் வீட்டுப் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறது. மாட்டைத் திறந்து பார்த்த கைகள், பறைக்குத் தோல் கட்டிய கைகள், ஊர்ச் சாக்கடையின் மூடியைத் திறக்கச் சொல்லி இன்றைக்கும் கூப்பிடுகிற கைகள். இந்த மூடியை மட்டும் திறக்கக்கூடாதாமா?

கழற்றினாள். உள்ளே இரண்டு இடம். ஒன்றில் 2 ஜிபி பட்டை, மற்றது காலி. அத்தனை வருஷமாகக் காலி.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தத்துவம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள், பாட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் போகட்டும். நைலான் துணி, கம்பளி மேல் வைத்து வேலை செய்யாதீர்கள்; உடம்பில் இருக்கிற நிலைமின்சாரமே சில்லுக்கு எமன். ஜன்னல் கம்பி மாதிரி தரையோடு தொடர்புள்ள இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பட்டையின் இரண்டு பக்கமும் சின்ன உலோகக் கொக்கி இருக்கும். வெளிப்பக்கமாகத் தள்ளினால் பட்டை தானாகச் சாய்ந்து எழும்பும், உருவிவிடலாம். பட்டையின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் டிடிஆர்3 அல்லது டிடிஆர்3எல் என்றிருக்கும். இரண்டும் 204 பின், பார்க்க ஒன்றுபோல் இருக்கும். சாதா டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், எல் போட்டதற்கு 1.35 வோல்ட். எல் போட்டது பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்டியிலும் வேலை செய்யும். 1.35 மட்டும் ஏற்கிற பெட்டியில் சாதாவைச் செருகினால் ஆன் ஆகாமல் போகலாம். அதனால் சந்தேகமிருந்தால் எல் வாங்குங்கள். டிடிஆர்4 என்று கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். அதற்கு 260 பின், பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும், அழுத்திச் செருகினால் ஸ்லாட்டுதான் உடையும். டெஸ்க்டாப் ரேம் இதைப்போல் இரண்டு மடங்கு நீளம், அதுவும் ஆகாது.

பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலது 4 ஜிபியோடு நின்றுவிடும், சிலது 8 வரை ஏற்கும். பெட்டியின் மாடல் எண்ணைக் கொண்டு கம்பெனியின் கையேட்டில் தேடலாம், அல்லது லினக்ஸில் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை கொடுத்தால் அதுவே சொல்லும். செருகும்போது பள்ளத்தைப் பள்ளத்தோடு பொருத்தி, சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு கீழ்ப்பக்கம் அமுக்கினால் 'டிக்' என்று கொக்கி பிடிக்கும். ஆன் செய்து திரை கறுப்பாகவே இருந்தாலோ பீப் பீப் என்று கத்தினாலோ பயப்படாதீர்கள். பட்டையை வெளியே எடுத்து அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி செருகுங்கள். ரிச்சி தெரு மெக்கானிக்குகள் பலருக்கும் இதுதான் முதல் வைத்தியம். பாதிப் பெட்டிகள் இந்த ரப்பருக்கே எழுந்துவிடுகின்றன என்றால் மிகையில்லை.

அந்தப் பெண்ணின் பெட்டிக்கு, சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் பழைய 4 ஜிபி பட்டை ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். உடைந்த ஏதோ ஒரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது. செருகினோம். உள்ளே இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இந்த ஸ்டார்ட்டர் என்பது ஏழைகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் செய்த பதிப்பு. எவ்வளவு ரேம் செருகினாலும் 2 ஜிபிக்கு மேல் தொடாது. ஆறு ஜிபி உள்ளே கிடக்கிறது, அது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பழையபடி நொண்டுகிறது. இயந்திரம் கொள்ளும், உரிமம் கொள்ளாது. தனி டம்ளர் வைப்பதை ஒரு நிரலுக்குள்ளேயே எழுதி அனுப்பிவைக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே ரேமோடு சேர்த்து இயங்குதளத்தையும் மாற்றியே ஆக வேண்டும். தொடக்கத்தில் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே இருந்தது. சி-டாக் செய்தது, தமிழ் தெரிந்தது. பள்ளிகளில் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆன் செய்யும்போது கேட்கிற இரண்டு வரியில் முதல் வரியை அழுத்து என்பதோடு பாடம் முடிந்தது. பக்கத்துக் கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளை மெல்ல மெல்ல லினக்ஸுக்கே கொண்டுபோய், பாடமும் அதிலேயே நடக்கிறது. இங்கே முடியாததென்று ஒன்றுமில்லை, மனசில்லை. நாங்கள் அந்தப் பெட்டியில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். 64 பிட். 32 பிட் போட்டால் 4 ஜிபிக்கு மேல் கணக்குப் பார்ப்பது சிக்கல். இன்றைக்கு அவள் அதில்தான் புராஜெக்ட் எழுதுகிறாள், தமிழில் தட்டச்சு செய்கிறாள், அண்ணாமலைப் பல்கலையில் மேலே படிக்க என்ன தகுதி என்று தேடிக்கொண்டிருக்கிறாள். பிரவுசிங் சென்டருக்கு ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டிருந்த ஐம்பது, நூறு மிச்சம். கையில் இன்னும் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுக்கொடுக்கலாம். சொல்லப்போனால் 4 ஜிபி ஏற்கனவே இருக்கிற பெட்டிகளுக்கு ரேமைவிட எஸ்எஸ்டிதான் முதல் தேவை.

இதைச் சொன்னபோது ஒரு தோழர் கேட்டார்: 'எல்லார் கையிலயும் போன் இருக்குது, இன்னும் என்னாத்துக்கு இந்தக் கருமாந்திரம்? இதெல்லாம் தொண்டு நிறுவனக்காரன் செய்யற சீர்திருத்த வேலை.' தோழர் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வேட்டைப் போனிலா எழுதினார்? போன் பார்ப்பதற்கும் கேட்பதற்குமான கருவியாகவே செய்யப்பட்டிருக்கிறது. விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். ஒரு மனு எழுத, தகவலுரிமைச் சட்டத்தில் நாலு கேள்வி கேட்க, ஒரு சிறுபத்திரிகைப் பக்கத்தை வடிவமைக்க, ஊர்க்கணக்கை அட்டவணை போட்டுக் கூட்டிப் பார்க்க, விசைப்பலகை உள்ள பெட்டி வேண்டும். மற்றவர்கள் எழுத, நாம் பார்த்துக்கொண்டும் ஃபார்வர்டு செய்துகொண்டும் இருப்பது யாருக்கு வசதி?

அதோடு, பழுது பார்ப்பது சின்ன வேலை என்கிற நினைப்பே எனக்கு உடன்பாடில்லை. 2020 ஜூனில் கேரளத்தில் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கியபோது மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டிவி இல்லாமலில்லை. இருந்தது, ரிப்பேர். ஊரடங்கில் அப்பாவுக்குக் கூலி வேலை இல்லாததால் சரிசெய்யக் காசில்லை. பொருள் கொடுக்கிற அரசியலைப் பற்றி இங்கே எல்லாக் கட்சியும் பேசியாகிவிட்டது. கொடுத்த பொருள் நின்றுபோகிற நாளைப் பற்றி எந்த அறிக்கையிலாவது ஒரு வரி உண்டா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் நானூறு ரூபாய்க்குத் தள்ளிவிடுகிற பெட்டி எங்கே போகிறது? டெல்லி சீலம்பூர் மாதிரியான இடங்களுக்குக் கணினிக் கழிவு போய்ச் சேர்கிறது. அங்கே போர்டுகளைக் கையால் பிரித்து, செம்புக்காக வயரை எரித்து, அமிலத்தில் முக்கி எடுக்கிறவர்கள் யார் என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும்: ஏழை முஸ்லிம்கள், தலித்துகள், அவர்களின் பிள்ளைகள். நம் தெருவில் ஐந்து வருஷம் கூடுதலாக ஓடுகிற ஒரு பெட்டி, அங்கே ஒருவர் மூச்சில் ஏறாத புகை.

புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள் விலைவாசியைப் பார்க்கவில்லை. உலகத்து ரேமில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே கம்பெனிகள்தான் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் கொடுக்கிற பெரிய காசுக்காக அவர்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதால் 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்கிற 'க்ரூஷியல்' வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டது. எங்கோ ஒரு எந்திரம் கவிதை எழுதப் பழகுவதற்காக மேல்பட்டாம்பாக்கத்துப் பிள்ளையின் ரேம் விலை ஏறுகிறது. (அந்தக் கவிதைகளையும் படித்துப் பார்த்தேன். எனக்கு வேலை போகாது.) இந்த நிலைமையில், பரணில் கிடக்கிற செத்த பெட்டிகளுக்குள் இருக்கிற டிடிஆர்3 பட்டைகள் நம் பொதுச்சொத்து.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்து 2,000 கோடி ஒதுக்கினார்கள். 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ரேம் என்றார்கள். நல்லது. ஆனால் இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஸ்லாட்டே கிடையாது. இன்றைய 8 ஜிபி பத்து வருஷம் கழித்து அன்றைய 2 ஜிபி ஆகும், அப்போது திறந்து பார்க்கவும் ஒன்றும் இருக்காது. ஆகவே டெண்டரிலேயே எழுது: காலி ஸ்லாட் ஒன்றாவது இருக்க வேண்டும், கழற்றக்கூடிய மூடி வேண்டும், பழுதுபார்க்கும் கையேடு தமிழில் வேண்டும், மாவட்டத்துக்கு நாலு அரசு ஐடிஐகளில் உதிரிப் பொருளோடு பட்டறை வேண்டும். மத்திய அரசு 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டது, ஒரு இணையதளம் திறந்தது. தளத்தில் கம்பெனிகளின் விலாசம் இருக்கிறது. ஸ்லாட் வைத்தே தீரவேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார்; யார் வந்து திறந்துவைப்பார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்தப் பள்ளியில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த மாவட்டத்தில் எத்தனை அலுவலகங்களில் இருக்கிறார்கள்! அவர்கள் வீட்டிலும் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்றாவது இருக்கும். கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு பென்சில் ரப்பர், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று. நம் பெண்பிள்ளைகள் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கட்டும், ஆண் தோழர்கள் டார்ச் அடித்தால் போதும்.

எங்கள் தெருவில் இதுவரை ஏழு பெட்டி திறந்திருக்கிறோம். ஐந்து ஓடுகிறது. ஒன்றில் மதர்போர்டே போயிருந்தது, இன்னொன்றின் வயரை எலி தின்றிருந்தது. அந்த இரண்டிலிருந்தும் கழற்றிய பட்டைகள், டிடிஆர்3, தலா 2 ஜிபி, என் மேசையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துத் தோழர்கள் யாருடைய பெட்டிக்காவது பொருந்தும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம். பெட்டியையும் கொண்டுவாருங்கள், இங்கேயே திறந்து செருகிப் பார்த்துவிடலாம்.